காலி செய்யச் சொல்ல முடியாத வீடு

உறுவையாறு கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்ததே வாடகைக்கு விடத்தான். என் கணவருக்கு முழங்கால் தேய்ந்துபோனதால் கரும்பு போட்டிருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தோம். மகள் கல்யாணமாகிக் கடலூர்ப் பக்கம் போய்விட்டாள். நான் வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். வில்லியனூரைச் சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு வெளியூர் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வயலுக்கு நடுவில் தனியாக நிற்கிற வீடுகளில்கூட ஒரு ரூம் கிடைக்குமா என்று கேட்டு அலைந்தார்கள். மேலே இரண்டு போர்ஷன் போட்டால் வயதான காலத்துக்கு ஆகும் என்று நினைத்துக் கட்டினோம்.

ஒரு போர்ஷனுக்கு இளம் தம்பதி வந்தார்கள். புருஷனுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அந்தப் பெண் அப்போதுதான் மாசமாகியிருந்தாள். இன்னொன்றுக்கு மூன்று பையன்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு கம்பெனி சூப்பர்வைசர் அழைத்துவந்தார். ஆதார் நகல் கொடுத்தார்கள், அட்வான்ஸ் கொடுத்தார்கள், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே போனார்கள். இரண்டு பேர் விழுப்புரம் பக்கம். மூன்றாமவன் பாகூர் தாண்டி குருவிநத்தத்துக்காரன், ஐ.டி.ஐ. படித்தவன். என்னோடு பேசுகிறவன் அவன் மட்டும்தான். கேஸ் சிலிண்டர் வந்தால் நான் கூப்பிடாமலே இறங்கிவந்து தூக்கி உள்ளே வைப்பான். கருவாட்டுக் குழம்பு கொதித்தால் வாசம் ஊரில் அம்மா வைக்கிற மாதிரியே இருக்கிறது என்பான். நான் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பேன். அந்தக் கிண்ணத்தைக் கழுவித்தான் திருப்பிக் கொடுப்பான்.

என் தையல் மெஷின் ஜன்னல் ஓரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மாடிப்படி. யார் ஏறினாலும் இறங்கினாலும் முதலில் எனக்குத் தெரிவது அவர்கள் கால்தான். சில மாதம் போனதும் எனக்குத் தெரியாத கால்கள் ஏற ஆரம்பித்தன. செருப்பைக் கழற்றாத கால்கள். ஐந்து நிமிஷத்துக்குள் திரும்பி இறங்கிவிடும். வெளியே நம்பர் பிளேட் இல்லாத பைக் உறுமிக்கொண்டே நிற்கும், அணைப்பதுகூட இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் மாடியிலிருந்து ஒரு வாடை இறங்கி வந்தது. பச்சை இலையைப் போட்டு மூட்டம் போட்டதுபோல் இருந்தது. கொசுவுக்கு ஏதோ கொளுத்துகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அது கஞ்சா என்று லேப் பையன்தான் தயங்கித் தயங்கி என் கணவரிடம் சொன்னான்.

குடி எங்களுக்குப் புதிதில்லை. புதுச்சேரியில் பிறந்தவர்களுக்குச் சாராயக்கடை ஒரு அதிசயமா? குடிகாரனை எப்படிச் சமாளிப்பது என்று எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். நாலு வார்த்தை திட்டினால் அழுவான், விழுந்து தூங்குவான், காலையில் தலையைக் குனிந்துகொண்டு போவான். இவர்கள் அப்படி இல்லை. திட்டினாலும் சிரித்தார்கள். பார்வை நம் முகத்தில் நிற்காமல் எங்கேயோ பின்னால் போய் நின்றது. கஞ்சாவோடு ஏதோ வலி மாத்திரையும் சேர்ந்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

முதலில் நல்லபடியாகச் சொன்னோம். இனிமேல் யாரும் வர மாட்டார்கள் என்று மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். ஒரு வாரம் அமைதியாக இருந்தது. பிறகு பழையபடி. படியில் வாந்தி, தண்ணீர்த் தொட்டி மேல் சிகரெட் துண்டு, மோட்டார் ரூம் சுவரில் மூத்திரம். மாசமாக இருந்த பெண் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என் வீட்டுக் கொல்லைக் கொடியில் காயப்போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்காக அவள் ஈரத்துணி பக்கெட்டோடு படி இறங்கி வருவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

எதிர்வீட்டுக்காரர் பழைய மில் தொழிலாளி. மில் மூடியபின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். அவர் ஒருநாள் என்னை நிறுத்தி, "நீங்க வாடகைக்கு ஆசப்பட்டு வுட்டுட்டீங்க. தெருவே அனுபவிக்குது" என்றார். அவர் பேத்தி டியூஷன் முடிந்து வரும்போது பைக்கில் ஒருவன் குறுக்கே வந்து ஹாரன் அடித்தானாம். அவரே தினமும் போய் அழைத்துவர ஆரம்பித்திருந்தார்.

வீட்டைக் காலி செய்யச் சொன்னோம். சரி என்றார்கள். அந்த மாதம் போயிற்று, அடுத்த மாதமும் போயிற்று. ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார். கையில் சரக்கோடு பிடித்தால்தான் கேஸ் நிற்கும், சும்மா பிடித்தால் மறுநாள் வெளியே வந்து உங்கள் வாசலில்தான் நிற்பான் என்றார். இரண்டு பேர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்று மாடியில் யாருமே இல்லை. ஆனால் யார் புகார் கொடுத்தது என்று பையன்களுக்குத் தெரிந்துவிட்டது. குருவிநத்தத்துப் பையன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மற்ற இருவரும் திருப்பவில்லை, நேராகவே முறைத்தார்கள். நானும் என் கணவரும் வீட்டுக்குள் பேசும்போதே குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தோம். நம் வீட்டிலேயே நாம் குடியிருப்பவர்கள்போல் ஆகிவிட்டோம் என்று அவர் ஒருநாள் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டார்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் அது நடந்தது. புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். மேலே போய்க் கதவை உதைத்தார்கள். ஒளித்துவைத்த பொட்டலத்தைக் கொடு என்று கத்தினார்கள். என் கணவர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார். யாரப்பா நீங்கள், எதற்குக் கதவை உடைக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். இறங்கி வந்தவன் அவரை அடிக்கக்கூட இல்லை, வழியில் கிடந்த ஒரு சாமானை நகர்த்துவதுபோல் ஒரு கையால் ஒதுக்கினான். அவர் சிமெண்டு தரையில் விழுந்தார். மற்றவன் ஆத்திரத்தில் வாசல் குழாயை உதைத்து உடைத்தான். தண்ணீர் பீச்சியடித்தது. அவர் முழங்கையில் ரத்தத்தோடு அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நானும் தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்வீட்டுக்காரர்தான் ஓடிவந்து தூக்கினார்.

அன்று போலீஸ் உடனே வந்தது. கதவை உதைத்த இருவரும் அதற்குள் ஓடிவிட்டார்கள். விழுப்புரத்துப் பையன்கள் இருவரும் பின்பக்கச் சுவர் ஏறி வயல் வழியாகப் போனவர்கள்தான், துணிமணிகூட எடுக்கத் திரும்பவில்லை. குருவிநத்தத்துப் பையன் மட்டும் மேலே இருந்தான். ஓடுவதற்கு அவனுக்குத் தெம்பு இல்லை. போலீஸ்காரர்கள் அவனை அழைத்துப் போனார்கள், மிரட்டினார்கள், அவனிடம் ஒன்றும் அகப்படாததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன் நேராக மாடிக்குப் போய் உடைந்த கதவைச் சாத்தி உள்ளே படுத்துக்கொண்டான்.

அவன் ஆதார் நகலில் இருந்த ஊரை வைத்து, தெரிந்தவர்கள் மூலம் அவன் அம்மாவின் போன் நம்பரைக் கண்டுபிடித்தேன். உங்கள் மகனை வந்து அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் சாமான்களை வெளியே வைத்துவிடுவோம் என்றேன். கேட்கிறதா, கேட்கிறதா என்று இரண்டு தரம் கேட்டேன். கேட்குது என்றார் அந்த அம்மா.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்துவிட்டார். ஏறக்குறைய என் வயது இருக்கும். முன்பு நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ்கீப்பிங். அந்த நீலச் சட்டையை மேலே போட்டபடியே வந்திருந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று சண்டைக்கு வருவார் என்று. இரண்டும் இல்லை. மேலே போனார். கொஞ்ச நேரத்தில் இறங்கிவந்து துடைப்பமும் பினாயிலும் கேட்டார். மாடியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கழுவிக்கொண்டே கீழே வந்தார். மோட்டார் ரூம் சுவரையும் தேய்த்தார். என் கணவர் கட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அருகில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

நாற்காலி போட்டேன். அதில் உட்காரவில்லை, கழுவின படியிலேயே உட்கார்ந்தார். எப்போது காலி செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"காலி பண்ணச் சொல்றது நாயம்தான்கா. ஆனா இங்கேர்ந்து போனான்னா அவன் எங்க இருக்கான்னு எனுக்குத் தெரியாது. இப்ப எனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். நான் வந்து அவங்கூட இருக்கறேன். கொஞ்ச நாளு வுடுங்க."

நான் சரி என்றேன். இரக்கப்பட்டுச் சொன்னதாக யாராவது நினைத்தால் அது தப்பு. காலி செய், செய் என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோயிருந்தது. மறுபடி ஒரு தடவை அதையே சொல்ல எனக்குத் தெம்பில்லை. அன்று சாப்பிடும்போது என் கணவர், "அடுத்த தரம் வந்து தள்ளுனானுங்கன்னா நீயே போயி வுழு" என்றார்.

எதிர்வீட்டுக்காரர், அந்த அம்மா குருவிநத்தத்தில் எந்தத் தெரு என்று விசாரித்தார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியும். நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியாது என்றேன்.

லேப் தம்பதி மட்டும் இதை ஏற்கவில்லை. அந்தப் பெண்ணின் மாமியார் வந்து பார்த்துவிட்டு, பிள்ளை பெற்று இந்த வீட்டுக்கா கொண்டுவருவது என்று கேட்டார். அதில் என்ன தப்பு சொல்ல முடியும்? அந்த வாரமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசி பக்கெட் துணியை என் கொடியிலிருந்து எடுத்து மடித்தபடி, "உங்க மேல ஒண்ணும் இல்லக்கா" என்றாள். நல்ல குடித்தனக்காரர்களை அனுப்பிவிட்டு, போக வேண்டியவனை வைத்துக்கொண்டிருந்தோம். இதை என் கணவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. காலி போர்ஷனைப் பூட்டிவிட்டு வந்து சாவியை என் மெஷின் மேல் வைத்தார்.

அந்த அம்மா விடியலில் பஸ் பிடித்து வேலைக்குப் போவார், மூன்று மணிக்கு வந்துவிடுவார். வந்ததிலிருந்து மேல் படியில்தான் இருப்பு. கீரை ஆய்வது, அரிசி புடைப்பது, எல்லாம் அங்கேயே. பைக் வந்து நின்றால் எழுந்திருக்க மாட்டார். யாருப்பா, எந்த ஊரு, உங்கப்பா இன்னா பண்றாரு என்று உட்கார்ந்தபடியே சாவகாசமாகக் கேட்பார். வந்தவனுக்கு அந்தக் கேள்விதான் அடியைவிடக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். பலர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருவன் மட்டும் கெட்ட வார்த்தை சொன்னான். அதற்கும் அவர், "சரி, ஊரு எதுன்னு சொல்லலியே" என்றார். மெஷின் அருகில் இருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் சிரித்தேன்.

ஆனால் காலையில் அவர் வேலைக்குப் போன நேரம் இருக்கிறதே. அந்த நேரத்தில் பையன் வெளியே போய் வாங்கி வந்தான். கம்பெனியில் ஏற்கனவே நிறுத்திவிட்டிருந்தார்கள். வீட்டில் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. ஒரு சாயங்காலம் குக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவர் வழியை மறித்து நின்றார். விடு என்றான். விடவில்லை. அவன் தள்ளினான். அவர் நாலைந்து படி சரிந்து என் ஜன்னல் எதிரே வந்து கிடந்தார். குக்கர் அவருக்கு முன்னால் உருண்டு கீழே போய்விட்டது. அவன் மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான், தான் என்ன செய்தோம் என்று வேறு யாராவது வந்து சொல்ல வேண்டும் என்பதுபோல.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வழுக்கிவிட்டது என்றார். நான் பார்த்தேன் என்றேன்.

"பாத்தீங்களா? அப்ப சரி. யாரும் பாக்கலன்னு நெனச்சேன்" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அழுதார். மகன் இந்த நிலைக்கு வந்ததற்கோ, விழுந்ததற்கோ அழாதவர், இன்னொருத்தி பார்த்துவிட்டாள் என்றதும் அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அடுத்த நாள் நானும் அவருமாக அவனை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வர மாட்டேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தான். மனநலப் பிரிவில் நல்ல கூட்டம். எங்கள் முறை வர நேரம் இருந்தது. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனவன் திரும்பவில்லை. எங்கள் முறை வந்து அவன் பேரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து நின்றோம், பிறகு உட்கார்ந்துவிட்டோம். வெளியே வந்து டீ குடித்தோம். திரும்பிப் போகிற பஸ்ஸில் அந்த அம்மா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இனி வர மாட்டான் என்றே நினைத்தேன். வராவிட்டால் நல்லது என்றும் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவனே வந்தான். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உடம்பு நடுங்கியது. சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. வயிற்றாலும் போய்க்கொண்டிருந்தது. கையில் காசும் இல்லை, கொடுப்பாரும் இல்லை. அந்த அம்மா வேலையிலிருந்து வரவில்லை. வாசலில் நான் தனியாகத்தான் இருந்தேன். என் கணவர் உள்ளே இருந்து பார்த்துவிட்டார்.

"ஆன்ட்டி, எலும்பெல்லாம் ஒடிக்கற மாரி வலிக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டும்போங்க. இந்த தரம் ஓட மாட்டேன்" என்றான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் போனை எடுத்துத் தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். எங்களோடு தானும் கிளம்பினார். முழங்காலை மடக்க முடியாமல் ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவந்தார். பையன் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தான். வழியில் வாந்தி எடுத்தான். என் கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் வாயைத் துடைத்தார்.

சேர்த்துக்கொண்டார்கள். சில வாரம் உள்ளே இருந்தான். கஞ்சாவைவிட அந்த மாத்திரைதான் அவனைப் பிடித்திருந்தது என்று டாக்டரம்மா சொன்னார். ஷிப்டு வேலையில் உடம்பு வலிக்கு என்று யாரோ கொடுத்ததில் ஆரம்பித்ததாம். மாத்திரையை நிறுத்தினால் முதல் சில நாள்தான் உயிர் போகிற மாதிரி இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு வருகிற மாதங்கள்தான் கஷ்டம், பழைய இடத்தில் விடாதீர்கள் என்றார். அந்த அம்மா அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் மாடிதான் பழைய இடம் என்பது இருவருக்கும் புரிந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்த ஒரே இடத்தையும் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பாகூருக்குப் பக்கத்தில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்கு அவனை அழைத்துப் போவது என்று முடிவு செய்தார். காலி செய்கிற அன்று நாள் முழுக்கக் கூட்டிப் பெருக்கினார். கரி படிந்த சுவரில் தன் கையாலேயே சுண்ணாம்பு அடித்தார். வேண்டாம், நாங்கள் ஆள் வைத்துச் செய்துகொள்கிறோம் என்று சொன்னேன். கேட்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது என் கணவர் வெளியே வந்து நின்றார். பையன் எப்படி இருக்கிறான் என்று முதல் தடவையாகக் கேட்டார்.

"சாப்புடறான்ணா" என்றார் அந்த அம்மா.

அதன்பிறகு மாடி வெகுநாள் காலியாக இருந்தது. வீடு கேட்டு வருகிறவர்கள் தெருவில் விசாரித்துவிட்டு, சொல்லாமலே போய்விடுவார்கள். கடைசியில் ஒரு போர்ஷனுக்கு ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் குடும்பம் வந்தது. மற்றது இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. நானும் அவசரப்படவில்லை. புதிய ஆள் வந்தால் அவர் காலைப் பார்த்துப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும், அவருக்கு யார் வருகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். அதற்கு இப்போது எனக்குச் சக்தி இல்லை. எதிர்வீட்டுக்காரர் முன்புபோல் பேசுகிறார். நாங்கள் செய்தது சரி என்றோ தப்பு என்றோ அவர் சொன்னதில்லை.

அந்த அம்மா எப்போதாவது போன் செய்வார். பையன் பாகூரில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை ஏற்றப் போனான். பொங்கல் சமயத்தில் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு மறுபடி வழி தவறினான். மறுபடி ஆஸ்பத்திரி. மறுபடி மில். இதையெல்லாம் அவர் ஒரே குரலில் சொல்வார், மழை வந்தது, நின்றது என்பதுபோல. போன வாரம் பேசினபோது அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறியதில் தாழ்வான கொல்லையெல்லாம் முழுகிவிட்டது, நாத்து அழுகிவிடும்போல இருக்கிறது என்றார். என் கணவருக்கு முழங்கால் எப்படி என்று கேட்டார். நானும் அவனைப் பற்றிக் கேட்கவில்லை. பின்னால் யாரோ, "அம்மா, தண்ணி கொதிக்குது" என்று கூப்பிடுவது கேட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்தான். வெச்சிடறேன்கா என்று சொல்லி அவர் போனை வைத்தார்.